வெர்னாவின் சந்தேகமும் பேய்களின் புண்ணும்

வெர்னா கில்கிறிஸ்ட் என் கடையில் பால் வாங்கினால், என் கண் முன்னாலேயே மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைப்பாள். மெக்கானிக் எண்ணெய் மாற்றிவிட்டேன் என்றால், அவன் நிற்கும்போதே அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பாள். கணவர் கீத் உயிரோடு இருந்தபோது, நாள் முழுக்க வேலியருகிலேயே இருந்தேன் என்று அவர் சொன்னால், வெளியே போய் வண்டி முகப்பில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துவிட்டு வருவாள். கீத் சிரித்துக்கொள்வார். அவரிடம் மறைக்க ஒன்றும் இருந்ததில்லை.

அவள் ஏன் அப்படி ஆனாள் என்று ஒருமுறை அவளே என்னிடம் சொன்னாள். சிறுமியாக இருந்தபோது அவளுக்கு ஒரு குதிரைக்குட்டி இருந்தது. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தால் அதைக் காணவில்லை. நல்ல இடத்துக்கு விற்றுவிட்டதாக அப்பா சொன்னார். அடுத்த கோடையில் ஓடை வற்றியபோது, சேற்றில் எலும்புகளும் அவள் பின்னிக் கட்டிய கழுத்துக் கயிறும் கிடந்தன. கால் முறிந்த குட்டியைச் சுட்டுவிட்டு, மகள் அழுவாளே என்று அப்பா பொய் சொல்லியிருக்கிறார்.

"அன்பாத்தான் சொன்னார் நெட்டா, அது தெரியும். அதனாலதான் அன்பா யாராவது எதையாவது சொன்னா எனக்கு இன்னும் பயமா இருக்கு" என்றாள்.

டாஸ்மேனியாவின் வடகிழக்கு மூலையில் எங்கள் கானட் ஃபிளாட் இருக்கிறது. செம்மறி, உருளைக்கிழங்கு, கடலிலிருந்து ஓயாமல் வீசும் காற்று, ஒரு பள்ளிக்கூடம், ஒரு கூட்ட அரங்கு, தீயணைப்புக் கொட்டகை, என் கடை. அவ்வளவுதான் ஊர். அவள் குணத்தை ஊர் கேலி செய்தாலும் முழுவதும் ஒதுக்கிவிடவில்லை. பள்ளிக்கூடத் தண்ணீரில் ஏதோ வாடை என்று அவள் ஒருத்திதான் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் தொட்டியைத் திறந்தால் உள்ளே போஸம் என்கிற மரவிலங்கு ஒன்று செத்து ஊறிப்போய்க் கிடந்தது.

அவளுடைய பக்கத்து நிலம் ராய்ஸ் பெம்பர்டனுடையது. உருளைக்கிழங்கு போடுபவர், ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைவர். பயிரை வாலபிகள் வந்து மேய்ந்துவிடும். சின்னக் கங்காரு போன்ற அவற்றைக் கொல்ல, அனுமதி வாங்கி, விஷம் தடவிய கேரட் துண்டுகளைப் பின் வயலில் போடுவது அப்போது வழக்கம். ஓர் ஆண்டு ராய்ஸ் அப்படிப் போட்டு இரண்டு நாள் கழிந்தபோது, வெர்னாவின் ஆடு மேய்க்கும் நாய் ஃபிளிக் வெறிபிடித்ததுபோல் ஓடி, ஊளையிட்டு, அவள் காலடியிலேயே விறைத்துச் செத்தது. அந்த விஷம் தின்ற வாலபியின் கறியை நாய் தின்றாலும் போதும், பிழைக்காது.

செத்தவற்றை எல்லாம் பொறுக்கி எடுத்துப் புதைத்துவிட்டேன், வேலியில் அறிவிப்பும் கட்டியிருந்தேன் என்றார் ராய்ஸ். வெர்னா நம்பவில்லை. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. வேலி சரிந்தால்கூட அவரவர் பக்கத்தை அவரவர் நிமிர்த்திக்கொண்டார்கள்.

அதற்கு இரண்டு குளிர்காலம் கழித்துத்தான் பேய்களின் முகம் அழுக ஆரம்பித்தது.

பேய் என்பது எங்கள் ஊர் விலங்கு. குட்டை நாய் அளவு, கன்னங்கரிய உடம்பு, மார்பில் வெள்ளைப் பட்டை, எலும்பையும் கடித்துத் தின்னும் தாடை. இரை கிடைத்தால் ஒன்றையொன்று முகத்தில் கடித்துக்கொண்டு அலறும். அந்த அலறலுக்குத்தான் அந்தப் பெயர். வெர்னாவுக்கு அவற்றைப் பிடிக்கும். செத்த ஆட்டுக்குட்டியை மயிர்கூட மிச்சமில்லாமல் தின்று நிலத்தைச் சுத்தமாக வைத்திருப்பவை. அவளுடைய கம்பளிக் கொட்டகையின் அடியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவை.

அவற்றில் ஒன்று ஒருநாள் காலை வெட்டவெளியில் தள்ளாடிக்கொண்டு நின்றது. ஒரு பக்கக் கன்னம் உருளைக்கிழங்கு அளவுக்குப் புடைத்து, வெடித்து, கண்ணை மூடியிருந்தது. கொஞ்ச நாளில் இன்னொன்று, உதடே இல்லாமல். வாய் திறக்க முடியாமல் எலும்பும் தோலுமாகப் பட்டினியில் செத்தன.

வெர்னா செத்த ஒன்றைத் தீவனச் சாக்கில் போட்டு என் கடைக்கே எடுத்து வந்துவிட்டாள். ராய்ஸ் புகையிலை வாங்க நின்றிருந்த நேரம். சாக்கை மேசைமேல் வைத்து அதன் வாயை அவிழ்த்தாள். நாற்றம் கடையை நிறைத்தது.

"நல்லாப் பாத்துக்க ராய்ஸ். உன் கைவேலை" என்றாள். பேச்சு நின்றுபோன நாளுக்குப் பிறகு அவள் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"என் விஷம் முகத்தை மட்டும் பாத்துப் பாத்துத் திங்குமா? அதைத் தின்னா அன்னிக்கே சாகும். உனக்கே தெரியும்."

"எப்படிச் சாகும்னு எனக்குத் தெரியும். என் காலடியில பாத்தவ நான்."

"நீ ஆட்டைக் குளிப்பாட்டற மருந்துத் தண்ணி எங்க போகுது வெர்னா? உன் கொட்டகைக்கு அடியிலதானே? அங்கதானே இதுங்க படுத்திருக்கு?"

"ஐயோ, முதல்ல இதை வெளிய எடுத்துட்டுப் போங்க ரெண்டு பேரும்!" என்று நான் கத்தினேன். ரொட்டி முழுவதையும் அன்று தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

அந்தச் சாக்கோடு ஊர் இரண்டாகப் பிரிந்தது. யாரோ ராய்ஸின் வாயில் கதவில் சிவப்புச் சாயத்தால் 'விஷக்காரன்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அது வெர்னா இல்லை. எழுதுவதாக இருந்தால் அவள் பகலில் வந்து எழுதியிருப்பாள். ஆனால் அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து கிளம்பியது. ராய்ஸ் அதை அழிக்கவில்லை. தீயணைப்பு வண்டியின் சாவியைக் கொண்டுவந்து என் கடையில் வைத்து, "வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு" என்றார். வாயிலுக்குப் பூட்டுப் போட்டார். அதன்பின் அவர் நிலத்துக்குள் யாரையும் விடவில்லை.

வசந்தத்தில் இமோஜன் வந்தாள். லான்செஸ்டன் நகரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண். முப்பது வயது இருக்கும். பேய்களைப் பிடிக்கப் பெரிய குழாய்க் கூண்டுகளோடு வந்து, வெர்னாவின் நிலத்தில் வைக்க அனுமதி கேட்டாள். வெர்னா அனுமதி கொடுத்தாள், ஆனால் கூடவே போனாள். ஒவ்வொரு விடியற்காலையும் கம்பளிக் கோட்டும் முழங்கால் பூட்ஸுமாக அவள் பின்னாலேயே நடந்து, கூண்டு திறப்பதையும் பேயைச் சாக்குத் துணிக்குள் பிடிப்பதையும் புண்ணிலிருந்து துணுக்கு எடுப்பதையும் பார்த்தாள். ஊருக்கு வெளியே மரத்தோட்டம் போட்டிருந்த கம்பெனிக்காரர்கள் தங்கள் மருந்துத் தெளிப்பை மறைக்க அனுப்பிய ஆள் என்று முதல் வாரம் என்னிடம் சொன்னாள். அடுத்த வாரம், ராய்ஸுக்குத் தூரத்துச் சொந்தமாக இருக்கலாம் என்றாள்.

மூன்றாவது வாரம் அவள் கண் வேறொன்றில் நின்றது. ஒரு கூண்டில் பேய் சிக்கினால், இமோஜன் அந்தக் கூண்டை வெளுப்பு மருந்து ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் மறுபடி வைத்தாள். கையுறையை ஒவ்வொரு பேய்க்கும் மாற்றினாள்.

"நில்லு பொண்ணே," என்றாள் வெர்னா. "விஷத்தால வந்த புண்ணுன்னா எதுக்கு இவ்வளவு கழுவற?"

"சும்மா, ஒரு முன்னெச்சரிக்கை…"

"சும்மா யாரும் குளிர்ல கை வெடிக்கக் கழுவ மாட்டாங்க. ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போயிடும்னு பயப்படற. அப்போ உனக்கு ஏதோ தெரியும். ஊரே அடிச்சுக்குது, நீ வாயை மூடிட்டு இருக்க."

இமோஜன் கையுறையைக் கழற்றினாள். "உறுதியாகிற வரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு இருந்தோம். சொன்னாலும் நீங்க நம்ப மாட்டீங்க வெர்னா."

"மாட்டேன்."

"அப்போ வந்து பாருங்க."

அப்படித்தான் வெர்னா லான்செஸ்டன் போனாள். அங்கே நடந்ததை, திரும்பி வந்த அன்றே என் கடையில் உட்கார்ந்து, ஆறிப்போன தேநீரைத் தொடாமல், வரி விடாமல் எனக்குச் சொன்னாள்.

இமோஜன் முதலில் ஒரு படத்தைக் காட்டினாள். சின்னச் சின்னக் கறுப்புப் புழுக்கள் போல ஏதோ சிதறிக் கிடந்தன.

"இது ஒரே ஒரு செல். ரெண்டாப் பிரியற நேரத்துல அப்படியே நிறுத்தி எடுத்த படம். அப்பதான் உள்ள இருக்கற குரோமோசோம் தனித்தனியாத் தெரியும். ஒரு உடம்பை எப்படிக் கட்டணும்கறது மொத்தமும் இதுக்குள்ளதான் சுருட்டி வெச்சிருக்கு. நல்ல பேயோட செல்லுல பதினாலு இருக்கும். எண்ணிப் பாருங்க."

வெர்னா இரண்டு முறை எண்ணினாள். சரியாக இருந்தது.

"இது புண்ணுல இருந்து எடுத்த செல்." அதில் ஒன்று குறைந்தது. சில உடைந்து, வேறு துண்டுகளோடு கோணலாக ஒட்டியிருந்தன.

"விஷம் உடைச்சிருக்கு. நான் சொன்னதுதானே" என்றாள் வெர்னா.

"இருங்க. இது தெற்க மலைக்கு அந்தப் பக்கம் செத்த பேயோட புண்ணு. இது தீவோட நடுப்பகுதியில இருந்து வந்தது." எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே உடைசல், அதே கோணல்.

"ஒரே படத்தைப் பிரதி எடுத்து வரிசையா ஒட்டி வெச்சிருக்க."

இமோஜன் எழுந்து அலமாரியைத் திறந்தாள். கண்ணாடித் தகடுகளை எடுத்து ஒவ்வொன்றாக நுண்ணோக்கியின் கீழ் வைத்து, வெர்னாவையே குனிந்து பார்க்கச் சொன்னாள். தகடுகளின் ஒட்டுச் சீட்டை வெர்னா தானே படித்தாள். எதை முதலில் வைப்பது என்றும் தானே சொன்னாள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"பத்து ஜன்னல்ல கல்லெறிஞ்சா பத்தும் ஒரே மாதிரியா விரிசல் விடும்?" என்றாள் இமோஜன். "விஷம் உடைச்சிருந்தா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி உடைஞ்சிருக்கும். இன்னொண்ணு பாருங்க. முதல் வாரம் உங்க கண் முன்னாலயே ஒண்ணோட புண்ணுல துணுக்கு எடுத்தேனே, அது ஆண். ஆணா இருந்தா அதோட நல்ல செல்லுல எல்லாம் இந்தக் குட்டியூண்டு குரோமோசோம் ஒண்ணு இருக்கும். ஆணுக்கு மட்டும்தான் அது உண்டு. அதோட தோல்ல இருக்கு, ரத்தத்துல இருக்கு. இப்போ அதோட புண்ணுல தேடுங்க."

வெர்னா கண் வலிக்கத் தேடினாள். தகட்டை நகர்த்தி, அடுத்த செல், அதற்கடுத்த செல் என்று பார்த்தாள். இல்லை.

"அப்போ இந்தப் புண்ணு அவனோட உடம்பு இல்ல" என்றாள் மெதுவாக.

"இல்ல."

"பின்ன யாரோடது?"

"வேற ஒரு பேயோடது. எப்பவோ, எங்கயோ செத்துப்போன ஒண்ணு. பெண்ணா இருந்திருக்கும்னு நினைக்கறோம். அதோட உடம்புல ஒரு செல் கெட்டுப்போய், நிறுத்தாம பிரிய ஆரம்பிச்சிருக்கு. சண்டையில முகத்தைக் கடிச்சப்ப அந்தச் செல் இன்னொண்ணுக்கு ஒட்டிக்கிச்சு. அது செத்ததும் அடுத்ததுக்கு. அந்தப் பேய் செத்து எத்தனையோ வருஷம் இருக்கும். அதோட செல் மட்டும் இன்னும் சாகல. இதுல விஷமும் இல்ல, கிருமியும் இல்ல. செல்லுதான் பரவுது."

வெர்னா நுண்ணோக்கியிலிருந்து நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாளாம். "உடம்பு எப்படி விடுது? என் ஆட்டுக்கு முள்ளு குத்தினாலே சீழ் வெச்சு வெளிய தள்ளிடுதே."

"தள்ளணும். ஏன் தள்ளலைன்னு எங்களுக்கே முழுசாப் புரியல. இந்தத் தீவுல இருக்கற பேயெல்லாம் ஒண்ணுக்கொண்ணு நெருங்கின சொந்தம். அதனால அந்நியம்னே தெரியாமப் போகுதோ என்னவோ. உடம்பு அதைச் சந்தேகப்படவே இல்ல."

இதைச் சொல்லி முடித்துவிட்டு வெர்னா என் மேசைமேல் இருந்த ஒரு பழைய கீறலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ராய்ஸ் இல்ல நெட்டா" என்றாள்.

"அவர்கிட்டப் போய்ச் சொல்லு."

"நாய் விஷயத்துல இன்னும் சந்தேகம் இருக்கு."

"அது வேற வெர்னா."

"வேறதான்" என்றாள், எழுந்து போய்விட்டாள். ராய்ஸிடம் போகவில்லை. நாட்கள் ஓடின. சரியான காரணம் இல்லாமல் அவள் போயிருக்கவே மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

காரணம் டிசம்பரில் வந்தது. வெர்னாவின் நிலத்துக் கூண்டில் ஒரு பெண் பேய் சிக்கியது. கீழ்த்தாடை பாதி போயிருந்தது. ஆனால் வயிற்றுப் பையில் முலைகள் பால் கட்டி நீண்டிருந்தன.

"குட்டிங்க எங்கயோ பொந்துல இருக்கு," என்றாள் இமோஜன். "பையை விட்டு வெளிய வந்துடுச்சு, ஆனா இன்னும் சண்டை போடற வயசு இல்ல. கடி வாங்கியிருக்காது. இப்ப எடுத்துட்டா தனியா வளத்துப் பாக்கலாம். தாய் இன்னும் ரெண்டு மூணு நாள்கூடத் தாங்காது."

அது வந்த காலடித் தடம், பின்னோக்கிப் பார்த்தால், ஓடையைத் தாண்டி, வேலியின் அடியில் நுழைந்து, ராய்ஸின் பழைய வைக்கோல் கொட்டகையை நோக்கிப் போயிருந்தது. இமோஜன் ஏற்கெனவே இருமுறை கேட்டுப் பார்த்தவள். அரசாங்க ஆள் யாரும் என் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று ராய்ஸ் அனுப்பிவிட்டிருந்தார்.

வெர்னா வேலி ஏறிக் குதிக்கவில்லை. சாலை வழியாகச் சுற்றிப் போய், சிவப்பு எழுத்து இருந்த அந்த வாயிலுக்கு முன்னால் நின்று, ராய்ஸ் வரும்வரை வண்டியின் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தாள். இமோஜன் வண்டிக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன, இன்னொரு சாக்கு கொண்டு வந்திருக்கியா?" என்றார் ராய்ஸ்.

"இல்ல. பேய்ங்க விஷயத்துல நான் சொன்னது தப்பு. உன் விஷம் இல்ல. என் ஆட்டு மருந்தும் இல்ல. அது ஒரு செல். ஒண்ணோட முகத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போகுது. நானே கண்ணால பாத்தேன்."

"நீ பாத்தியா? நீ பாத்து நம்பிட்டியா?"

"ரெண்டு தடவை பாத்தேன்."

ராய்ஸ் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். எழுத்தின் மேலேயே கை இருந்தது. "ஊர்ல ஒருத்தன்கூட என் கிழங்கை வாங்கலை. ஞாயித்துக்கிழமை ஜெபத்துல யாரும் பக்கத்துல உக்காரல. கொல்லைப்பக்கம் காடு பத்திக்கிட்டப்பகூட எனக்குச் சொல்லல, வெர்னா. நான் பொகையைப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சு?"

"அதான் வந்திருக்கேன். உன் கொட்டகையில குட்டிங்க இருக்கு. தாய் சாகப் போகுது. நீ என்னை உள்ள விட வேணாம். இந்தப் பொண்ணை விடு."

ராய்ஸ் ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம், யாரும் கேட்காமலே சொன்னார்: "ஃபிளிக் விஷயம் எனக்குத் தெரியாது. எல்லாத்தையும் பொறுக்கினேன்னுதான் நினைச்சேன். ஓடைப் பக்கம் ஒண்ணு தப்பியிருக்கலாம். இருக்கலாம்னு அன்னிக்கே சொல்லியிருக்கணும். சொல்ல வாய் வரல."

"நம்பறேன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத. சொன்னா எனக்குச் சந்தேகம் வரும்." சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தார். "ரெண்டு பேரும் வாங்க. அந்தக் கொட்டகைத் தரை உளுத்துப்போச்சு. எங்க கால் வைக்கணும்னு எனக்குத்தான் தெரியும்."

பலகைகளை ராய்ஸ் கடப்பாரையால் நெம்ப, இமோஜன் வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனாள். முதலில் ஒரு சீறல். பிறகு அவள் கை, அதில் காலை உதறிக்கொண்டு ஒரு கறுப்புக் குட்டி. மொத்தம் மூன்று. ஒவ்வொன்றையும் வெர்னாதான் சாக்குத் துணியில் பிடித்துக்கொண்டாள். இமோஜன் விளக்கடித்து வாயைத் திறந்து, உதட்டின் உள்பக்கம், ஈறு, நாக்கின் அடி எல்லாம் பார்த்தாள்.

"சுத்தமா இருக்கு."

"மறுபடி பாரு" என்றாள் வெர்னா.

மறுபடியும் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தது.

தாய் வலியில்லாமல் சாக அன்று மதியமே ஊசி போட்டார்கள். குட்டிகள் நெடுநாள் தனிக் கூண்டில் கண்காணிப்பில் இருந்து, பிறகு நோய் வராத பேய்களை வளர்க்கும் ஓர் அடைப்புக்குப் போயின. வெர்னா வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து வந்தாள். அவற்றுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. பூட்ஸைக் கடிக்க வந்தன. அதில் அவளுக்கு ஒரு திருப்தி. "யாரையும் நம்பாம வளருதுங்க. நல்லதுதான்" என்றாள்.

அந்தக் கிறிஸ்துமஸ் விருந்தில், அரங்கில் எல்லோரும் தட்டில் ஆட்டுக்கறியோடு இருந்தபோது, வெர்னா எழுந்து நின்று, தான் ராய்ஸைப் பற்றிச் சொன்னது தவறு என்றாள். நீட்டி முழக்கவில்லை, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சிலர் கை தட்டினார்கள். சிலர், அவளையும் யாரோ சரிக்கட்டிவிட்டார்கள் என்று வெளியே போய்ப் பேசிக்கொண்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரில் விஷம்தான் காரணம் என்பவர் உண்டு. அவர்களை நம்ப வைக்க வெர்னாவாலும் முடியவில்லை. ராய்ஸ் படைக்குத் திரும்பினார், ஆனால் தலைவராக இல்லை; குழாய் பிடிக்கிற ஆளாக.

சில ஆண்டுகள் கழித்து வெர்னாவின் மார்பில் ஒரு கட்டி வந்தது. லான்செஸ்டன் மருத்துவமனைக்கு அவளை ராய்ஸ்தான் கூட்டிப் போனார். தன் வண்டி சரியில்லை என்று அவள் சொன்னாளே தவிர, அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் பரிசோதனை முடிவைச் சொன்னதும் அவள் கேட்ட முதல் கேள்வி: "இந்தச் செல் என்னோடதா?"

டாக்டர் விழித்தார். உங்களுடையதுதான், வேறு யாருடையதாக இருக்கும் என்றார். குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, ஆட்டைக் குளிப்பாட்டிய மருந்தாலா, கீத் புகைத்த சிகரெட்டாலா என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது, பிரியும்போது செல் சில நேரம் தானாகவே தவறிவிடும் என்றார் அவர்.

வெளியே வந்து வண்டியில் ஏறியபின் ராய்ஸ் கேட்டார், "என்ன சொன்னான்?"

"என்னோடதுதானாம்."

"எது?"

"கெட்டுப்போன செல்லு. யாரும் குடுக்கல. யார் மேலயும் பழி போட முடியாது." கொஞ்ச தூரம் போனதும், "அதுதான் கஷ்டமா இருக்கு ராய்ஸ்" என்றாள்.

இதை ராய்ஸ் பிறகு என்னிடம் சொன்னார். வழியில் ஒரு கடையில் நிறுத்தி இறைச்சி அடைத்துச் சுட்ட அப்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவள் முழுவதையும் சாப்பிட்டாளாம்.

அறுவை செய்தார்கள். முடியெல்லாம் கொட்டி, மறுபடி சுருட்டையாக முளைத்தது. அதன்பின் பதினோரு வருடம் இருந்தாள். ஆடுகளை விற்றாள், கம்பளிக் கொட்டகையை மட்டும் விற்கவில்லை. அதன் அடியில் நெடுங்காலம் எந்தச் சத்தமும் இல்லை. கடைசிக் கோடையில், கீழே ஏதோ எலும்பைக் கடிப்பதுபோல் கேட்கிறது என்று எனக்குத் தொலைபேசியில் சொன்னாள். காட்டுப்பூனையாக இருக்கும் என்றேன். இருக்கலாம் என்றாள், ஆனால் நாளைக் காலை விளக்கோடு வந்து நீயும் பார் என்றாள். போனேன். இருவரும் மண்டியிட்டுப் பலகை இடுக்கில் விளக்கடித்துப் பார்த்தோம். இரண்டு கண்கள் மின்னின, ஒரு சீறல், உள்ளே இருட்டில் வெள்ளைப் பட்டை ஒன்று திரும்பி மறைந்தது. முகத்தில் புண் இருக்கிறதா என்று சரியாகப் பார்க்க முடியவில்லை.